பவுன்டி கேம்பெயினில் உட்காருவதற்கு முன்: வேலையா, பொழுதுபோக்கா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. இரண்டு கம்ப்யூட்டர், பான் கார்டு விண்ணப்பம், ஹால் டிக்கெட், கரண்ட் பில் என்று பகல் முழுக்க ஆள் வந்துகொண்டே இருக்கும். மாதத்துக்கு ஒருவராவது பிரின்ட் எடுத்து முடித்த பிறகும் போகாமல் நின்று, "அக்கா, நீங்க முன்னாடி கிரிப்டோ பவுன்டி பண்ணீங்களாமே, இப்ப பண்ணலாமா, மாசம் எவ்வளவு வரும்?" என்று கேட்கிறார்கள். பெரும்பாலும் கல்லூரி முடித்துவிட்டு கோயம்புத்தூருக்கோ திருப்பூருக்கோ போக மனமில்லாமல், இங்கேயே வீட்டோடு இருந்து ஏதாவது சம்பாதிக்க முடியுமா என்று பார்க்கிறவர்கள். அந்த ஆசை எனக்கும் இருந்தது, அதனால்தான் 2018இல் நானும் இதில் இறங்கினேன். ஒவ்வொருவரிடமும் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

தெரியாதவர்களுக்காக முதலில் விஷயம் என்ன என்று சொல்கிறேன். புதிதாக ஒரு டோக்கன், அதாவது ஒரு கிரிப்டோ நாணயம், கொண்டுவருகிற ஆட்களுக்கு விளம்பரம் வேண்டும், கையில் ரொக்கம் இருக்காது, அல்லது இருந்தாலும் செலவழிக்க மனம் இருக்காது. அதனால் தங்கள் டோக்கனிலேயே ஒரு பங்கை ஒதுக்கி, "எங்களைப் பற்றி எக்ஸ் தளத்தில் எழுதுங்கள், டெலிகிராம் குழுவில் இருங்கள், வீடியோ போடுங்கள், கட்டுரை எழுதுங்கள், மொழிபெயர்த்துக் கொடுங்கள், கடைசியில் டோக்கனாகத் தருகிறோம்" என்பார்கள். இதுதான் பவுன்டி கேம்பெயின். 2017இல் ஐசிஓ, அதாவது புது டோக்கனை மக்களிடம் விற்றுப் பணம் திரட்டும் அலை அடித்தபோது இது பெரிதாக வளர்ந்தது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக்கும், அந்த மார்ச்சில் கூகுளும் ட்விட்டரும் இந்த மாதிரி விளம்பரங்களை எடுக்க மாட்டோம் என்று அறிவித்தபோது, விளம்பரப்படுத்துகிற வேலை இன்னும் அதிகமாக நம்மைப் போன்றவர்கள் கைக்கு வந்து சேர்ந்தது. ஆக, நீங்கள் செய்யப்போவது விளம்பர வேலை. அதைப் புரிந்துகொண்டு ஆரம்பித்தால் பாதி குழப்பம் வராது.

இதே மாதிரிப் பெயரில் வேறு சிலவும் சுற்றுகின்றன, கலந்துவிடாதீர்கள். ஏர்டிராப் என்பது ஏற்கனவே ஒரு சேவையைப் பயன்படுத்தியவர்களுக்கு இலவசமாக டோக்கன் கொடுப்பது. 2020 செப்டம்பரில் டோக்கன் மாற்றும் தளமான யூனிஸ்வாப் தன்னைப் பயன்படுத்தியிருந்த வாலட்டுகளுக்கு, அதாவது டோக்கன் வைக்கும் டிஜிட்டல் பைகளுக்கு, தலா 400 டோக்கன் கொடுத்தது, அந்தக் கதையைக் கேட்டுவிட்டுத்தான் நிறைய பேர் இந்தப் பக்கமே வந்தார்கள். பக் பவுன்டி என்பது மென்பொருளில் ஓட்டை கண்டுபிடித்துச் சொன்னால் கிடைக்கும் பரிசு. 2022இல் வோர்ம்ஹோல் என்ற திட்டம் ஒரே ஒரு ஓட்டைக்கு 1 கோடி டாலர் கொடுத்தது. அது உண்மையிலேயே தொழில், வருடக்கணக்கில் படிக்க வேண்டும், படிக்க முடிந்தவர்கள் தாராளமாகப் போங்கள். மூன்றாவதாக வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் "வீடியோவுக்கு லைக் போட்டால் 50 ரூபாய்" என்று வருகிறதே, அது சுத்த மோசடி. முதல் நாள் 150 ரூபாய் கொடுத்துவிட்டு, அடுத்த நாள் "பிரீபெய்ட் டாஸ்க்" என்று உங்களிடம் 2,000, அப்புறம் 10,000 கேட்பார்கள். வேலை கொடுப்பவன் உங்களிடம் பணம் கேட்டால் அன்றைக்கே விட்டு விலகுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு போன் செய்யுங்கள், முதல் சில மணி நேரம்தான் முக்கியம்.

சரி, இப்போது கேள்விக்கு வருகிறேன். இது வேலையா, பொழுதுபோக்கா?

என்னைக் கேட்டால், டோக்கனில் கூலி கொடுக்கும் எந்தக் கேம்பெயினும் வேலை இல்லை. அதைப் பொழுதுபோக்காக வைத்துக்கொள்ளலாம், நன்றாகவே வைத்துக்கொள்ளலாம், நிறைய கற்றுக்கொள்ளலாம். ஆனால் வேலை என்று பெயர் வைத்து, வீட்டிலும் வேலை என்று சொல்லி, அதை நம்பி இன்னொரு வேலையை விட்டுவிடக் கூடாது. ஒரு வழி சொல்கிறேன்: இந்த மாதம் இதிலிருந்து ஒரு பைசாகூட வரவில்லை என்றால் வீட்டில் எந்தச் செலவு நிற்கும் என்று யோசியுங்கள். ஒன்றும் நிற்காது என்றால் செய்யுங்கள். தம்பியின் ஃபீஸ் நிற்கும், அம்மாவின் மாத்திரை நிற்கும் என்றால், அதற்கு வேறு வருமானம் பார்த்துவிட்டு வாருங்கள்.

எங்கள் வீட்டில் 60 சென்ட் தேயிலை இருக்கிறது. இலையை இன்றைக்குப் பறித்து ஏஜென்ட் வண்டியில் ஏற்றுகிறோம், கிலோவுக்கு என்ன விலை என்பது மாதம் முடிந்துதான் தெரியும். மழை நாளில் ஈரத்துக்கென்று எடையில் கழிப்பார்கள். அப்படியிருந்தும் நம் ஆட்கள் இலை போடுகிறார்கள், ஏனென்றால் விலை குறைந்தாலும் ஏதோ ஒரு விலை வரும், ஃபேக்டரி எங்கே இருக்கிறது என்று தெரியும், போய் நின்று கேட்கலாம். பவுன்டியில் விலையும் பின்னால்தான் தெரியும், ஃபேக்டரி எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. பல நேரம் இலை போய்ச் சேர்ந்ததா என்பதே தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

ஆரம்பிக்கும் முன் ஒரு தாளை எடுத்து இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் சேரக் கூடாது என்பேன். கற்பனையாக ஒரு கேம்பெயின் எடுத்துக்கொள்வோம். மொத்தம் 10 கோடி டோக்கன், அதில் பவுன்டிக்கு 1 சதவீதம், அதாவது 10 லட்சம். அந்த 10 லட்சத்தில் எக்ஸ் பதிவு போடுகிறவர்களுக்கு 25 சதவீதம், ஆக இரண்டரை லட்சம் டோக்கன். 10 வாரம் நடக்கும், வாரத்துக்கு ஒரு ஆளுக்கு 5 ஸ்டேக், அதாவது செய்த வேலைக்குப் போடும் புள்ளி. 500 பேர் சேர்ந்தால் மொத்தம் 25,000 ஸ்டேக். இரண்டரை லட்சத்தை அதால் வகுத்தால் ஒரு ஸ்டேக்குக்கு 10 டோக்கன். 10 வாரமும் விடாமல் செய்த உங்களுக்கு 50 ஸ்டேக், 500 டோக்கன். அவர்கள் சொல்லும் விலை 2 சென்ட் என்றால் உங்கள் கூலி 10 டாலர்.

டாலரை 85 ரூபாய் என்று வைத்தால் 850 ரூபாய். வாரத்துக்கு ஐந்து ரீபோஸ்ட், மூன்று சொந்தப் பதிவு, அதற்கெல்லாம் லிங்க் எடுத்து ரிப்போர்ட் போடுவது, எல்லோர் கணக்கும் இருக்கும் கூகுள் ஷீட்டில் நம் பெயர் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் ஆகும். 10 வாரத்துக்கு 30 மணி நேரம். மணிக்கு 28 ரூபாய். அதுவும் அவர்கள் சொன்ன விலை நின்றால். லிஸ்டிங் ஆன, அதாவது டோக்கன் சந்தையில் விற்பனைக்கு வந்த அன்றைக்கே பவுன்டிக்காரர்கள் அத்தனை பேரும் ஒன்றாக விற்க வருவார்கள், வாங்க ஆள் இருக்காது, விலை பத்தில் ஒன்றாக விழுவது மிகச் சாதாரணம். அப்படி விழுந்தால் மணிக்கு 3 ரூபாய்க்கும் கீழே. எத்தீரியம் நெட்வொர்க்கில் நெரிசலான நேரத்தில் அதை அனுப்புகிற கேஸ் கட்டணம் அந்தத் தொகையைவிட அதிகமாகக்கூட இருக்கலாம். எங்கள் ஊரில் இலை பறிக்கப் போனால் கிடைக்கும் நாள் கூலிக்குப் பக்கத்தில்கூட வராது.

இந்தக் கணக்கில் ஒரு எண்ணைத்தான் யாரும் பார்ப்பதில்லை, அது ஆள் எண்ணிக்கை. அறிவிப்பில் பெரிதாக "மொத்த பவுன்டி இத்தனை லட்சம் டாலர்" என்று போட்டிருக்கும், அதைப் பார்த்து கண் விரியும். 500 பேருக்குப் பதில் 5,000 பேர் சேர்ந்தால் உங்கள் பங்கு பத்தில் ஒன்றாகும், நீங்கள் செய்யும் வேலை ஒரு துளிகூடக் குறையாது. அதனால் "இத்தனை பேருக்கு மேல் எடுக்க மாட்டோம்" என்று எல்லை போட்ட கேம்பெயினை மட்டும் பாருங்கள். எல்லை இல்லாவிட்டால் ஷீட்டைத் திறந்து வரிசை எண்ணிவிட்டு முடிவு செய்யுங்கள்.

அறிவிப்பைப் படிப்பது எப்படி

நான் பார்க்கும் வரிசையைச் சொல்கிறேன். கூலி எதில்? டோக்கனிலா, அல்லது வாரா வாரம் பிட்காயினிலோ, டாலர் மதிப்பை ஒட்டியே நிற்கும் யுஎஸ்டிடி என்ற கிரிப்டோவிலோ இத்தனை என்று நிலையான தொகையா? இரண்டாவது என்றால் அந்தப் பணம் முன்கூட்டியே எஸ்க்ரோவில், அதாவது நடுவர் ஒருவர் கையில் வைக்கப்பட்டிருக்கிறதா? அந்த வாலட் முகவரியைப் போட்டிருந்தால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், நானும் திறந்து தொகை இருக்கிறதா என்று பார்ப்பேன். நிலையான தொகை, எஸ்க்ரோ, ஏற்கனவே பல கேம்பெயினில் ஒழுங்காகப் பணம் கொடுத்த மேனேஜர், இந்த மூன்றும் சேர்ந்து இருந்தால் அதை வேலை என்று சொல்ல எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதில் இடம் கிடைப்பது கஷ்டம், உங்கள் பழைய எழுத்தைப் பார்த்துத்தான் எடுப்பார்கள், அதனால் எழுத்தை வளர்க்க வேண்டும்.

அடுத்து, டோக்கன் எப்போது கைக்கு வரும் என்ற வரி. "லிஸ்டிங்குக்குப் பிறகு" என்று மட்டும் இருந்தால் அது தேதியே இல்லை. "வெஸ்டிங்" என்று இருந்தால் மாதத்துக்கு இவ்வளவு என்று பிரித்துத் தருவார்கள், ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகும், அதற்குள் விலை எங்கே இருக்கும் என்று யோசியுங்கள். கேஒய்சி, அதாவது அடையாளச் சான்று கேட்பார்களா, எப்போது கேட்பார்கள் என்பதை ஆரம்பத்திலேயே பாருங்கள். 10 வாரம் வேலை வாங்கிவிட்டு கடைசியில் "ஆதார் படம் அனுப்பு, செல்ஃபி அனுப்பு, இல்லையென்றால் டோக்கன் இல்லை" என்று சொன்ன கேம்பெயினில் நான் மாட்டியிருக்கிறேன். முகம் தெரியாத ஆளுக்கு ஆதார் படம் அனுப்புவதைவிட அந்த 10 வாரத்தை விட்டுவிடுவது மேல் என்று விட்டுவிட்டேன். "விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவோம்" என்ற வரி கிட்டத்தட்ட எல்லா அறிவிப்பிலும் இருக்கும், அதனால் சேருகிற அன்றைக்கே முழு அறிவிப்பையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

அப்புறம் அந்தத் திட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் படிக்க வேண்டும். வைட்பேப்பர், அதாவது திட்டத்தை விளக்கும் அறிக்கை இருக்கிறதா, அதில் உள்ள வாக்கியத்தை அப்படியே கூகுளில் போட்டால் வேறு திட்டத்தின் பேப்பர் வருகிறதா, டீம் படங்களைப் படமாகத் தேடினால் வேறு யாராவது வருகிறார்களா. "மாதம் இத்தனை சதவீதம் நிச்சயம்" என்று எங்காவது எழுதியிருந்தால் அங்கேயே மூடிவிடுங்கள். தினமும் வட்டி மாதிரி வரும் என்று சொல்லி ஆள் சேர்த்தால் கமிஷன் கொடுத்த பிட்கனெக்ட் 2018 ஜனவரியில் கடையை மூடியபோது உலகம் முழுக்க எத்தனை குடும்பம் பணத்தை விட்டது என்பது ஊரறிந்த விஷயம்.

உட்காருவதற்கான ஏற்பாடு

பவுன்டிக்கென்று தனி ஈமெயில், தனி வாலட். உங்கள் சேமிப்பு இருக்கும் வாலட்டை எந்தக் கேம்பெயின் ஷீட்டிலும் போடாதீர்கள், அந்த ஷீட்டை உலகமே பார்க்கும். வாலட் முகவரியை எப்போதும் காப்பி செய்து ஒட்டுங்கள், கையால் அடிக்காதீர்கள். எத்தீரியம் முகவரி 42 எழுத்து, ஒன்று தப்பினாலும் போனது திரும்ப வராது. ஒட்டிய பிறகும் முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்தையாவது சரி பாருங்கள், ஏனென்றால் காப்பி செய்த முகவரியை மாற்றிவிடும் வைரஸ் இருக்கிறது.

வாலட்டை மீட்டெடுக்க சீட் ஃபிரேஸ் என்று 12 அல்லது 24 வார்த்தை கொடுப்பார்களே, அதைப் போனில் போட்டோ எடுக்கக் கூடாது, தாளில் எழுத வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். மலையில் இருப்பவர்களுக்கு நான் இன்னொன்று சேர்த்துச் சொல்கிறேன். ஜூன், ஜூலை மழையில் எங்கள் வீட்டு அலமாரியில் இருக்கும் துணியே பூசணம் பிடிக்கும். என் முதல் வாலட்டின் 12 வார்த்தையை ஜெல் பேனாவில் ஒரு டைரியில் எழுதி வைத்திருந்தேன், அடுத்த வருடம் திறந்து பார்த்தால் ஏழாவது, எட்டாவது வார்த்தைகள் நீலமாகக் கரைந்து பின்பக்கம் வரை ஊறியிருந்தன. நல்ல வேளையாக அந்த வாலட் போனில் இன்னும் திறந்திருந்தது. இப்போது பென்சிலில் இரண்டு தாளில் எழுதி, லேமினேட் செய்யாமல் ஜிப் கவரில் போட்டு, ஒன்று வீட்டு பீரோவில், இன்னொன்று அம்மாவின் நகைப் பெட்டியில். லேமினேஷன் கடைக்குக் கொண்டுபோனால் இன்னொருவர் படித்துவிடுவார், என் கடைக்கே ஒருவர் கொண்டுவந்தார், நான் தாளைக் கவிழ்த்து அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

அந்த வார்த்தைகளை யாருக்கும் எதற்கும் தராதீர்கள். டெலிகிராமில் நீங்கள் ஒரு சந்தேகம் கேட்ட ஐந்தாவது நிமிடம் "சப்போர்ட்" என்ற பெயரில் ஒருவர் தனியாக வந்து பேசுவார், மேனேஜரின் படத்தையே வைத்திருப்பார். உண்மையான மேனேஜர் முதலில் வந்து பேச மாட்டார். "டோக்கனை எடுக்க வாலட்டை இந்தத் தளத்தில் இணைக்கவும்" என்று வரும் லிங்க்கில் இணைத்து ஒரு ஒப்புதல் கொடுத்தால் போதும், வாலட்டில் இருப்பதை அவனாகவே எடுத்துக்கொள்ளலாம், உங்கள் 12 வார்த்தைகூடத் தேவையில்லை. பவுன்டி வாலட்டைத் தனியாக வை என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகத்தான்.

நேரம் ஒரு சிக்கல். வார ரிப்போர்ட் பெரும்பாலும் ஞாயிறு நள்ளிரவு யுடிசி, அதாவது உலகப் பொது நேரக் கணக்கில் முடியும், நமக்கு அது திங்கள் விடியற்காலை ஐந்தரை. ஞாயிறு ராத்திரி செய்துகொள்ளலாம் என்று நினைத்தால் அன்றைக்குத்தான் காற்றில் மரம் விழுந்து கரண்ட் போகும். டிசம்பரில் திங்கள் அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, பனியில் விரல் மரத்துப்போய், சிக்னலுக்காக மொட்டை மாடியில் நின்று லிங்க் ஒட்டியிருக்கிறேன். அது வேண்டாத வேலை. சனிக்கிழமை மாலையே ரிப்போர்ட் போட்டுவிடுங்கள். இரண்டு கம்பெனி சிம் வைத்துக்கொள்ளுங்கள், நம் பள்ளத்தில் ஒன்று எடுக்கும் இடத்தில் இன்னொன்று எடுக்காது.

பொழுதுபோக்கு என்றால் நேரத்துக்கு வேலி வேண்டும். வாரத்துக்கு ஐந்து மணி நேரம், ஒரே சமயத்தில் இரண்டு கேம்பெயினுக்கு மேல் கூடாது. பத்துக் கேம்பெயினில் சேர்ந்து, ஒரே பதிவைப் பத்து இடத்தில் ஒட்டி, ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஆறு மாதத்தில் கண் கெட்டது, கணக்கு முடக்கப்பட்டது. இரண்டு மூன்று போலிக் கணக்கு வைத்து சேருவதும் அப்படித்தான். வாலட் தொடர்பை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள், எல்லாக் கணக்கையும் சேர்த்து நீக்குவார்கள். கண்டுபிடிக்காவிட்டாலும் அது இன்னொருத்தர் கூலி.

நோட்டு

ஒரு 40 பக்க நோட்டுப் போதும். கேம்பெயின் பெயர், சேர்ந்த தேதி, வாரம் எத்தனை மணி நேரம், எத்தனை ஸ்டேக், எந்த வாலட், டோக்கன் வந்த தேதி, அன்றைய விலை, விற்ற தேதி, வங்கிக்கு வந்த ரூபாய். கடைசிக் கட்டத்தில் ரூபாய் வரும்வரை அந்த வரி பூஜ்ஜியம்தான். வாலட் திரையில் 40,000 ரூபாய் என்று காட்டும், விற்கப் போனால் வாங்க ஆளே இருக்காது, அந்தத் திரை எண்ணை வருமானம் என்று நோட்டில் எழுதக் கூடாது. என் 2018 நோட்டில் 14 கேம்பெயின் இருக்கிறது. ரூபாயாக வந்தது மூன்றிலிருந்து மட்டும். மற்ற பதினொன்றில் நான்கு டோக்கனே தரவில்லை, ஏழு தந்தது, ஆனால் விற்க இடமில்லை.

அந்த வருடம் நேரமும் மோசம். 2017 டிசம்பரில் 20,000 டாலரை நெருங்கிய பிட்காயின் அடுத்த டிசம்பரில் 3,200 பக்கம் வந்து நின்றது. ஏப்ரலில் ரிசர்வ் வங்கி கிரிப்டோ தொடர்பான யாருக்கும் சேவை தரக் கூடாது என்று வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது, அதை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில்தான் ரத்து செய்தது. இடையில் கையில் டோக்கன் இருந்தவர்களும் ரூபாயாக்க அலைந்தார்கள்.

விற்பதும் வரியும்

வந்த அன்றைக்கே விற்பேன் என்பது என் பழக்கம். டோக்கன் கூலியாக வந்தது, கூலியை ரூபாயாக வாங்கியிருந்தால் அந்த ரூபாயைக் கொடுத்து இதே டோக்கனை வாங்குவேனா என்று கேட்டுக்கொள்வேன். வாங்க மாட்டேன் என்றால் வைத்திருக்கவும் காரணம் இல்லை. திட்டத்தை உண்மையாக நம்பினால் கால் பங்கு வையுங்கள்.

ரூபாயாக்க, மத்திய அரசின் நிதி உளவுப் பிரிவில் பதிவு செய்த இந்திய எக்ஸ்சேஞ்ச், அதாவது கிரிப்டோ வாங்கி விற்கும் தளம் வழியாக மட்டும் போங்கள். 2023 மார்ச்சிலிருந்து இவை பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. முகம் தெரியாதவரிடம் நேரடியாக யுஎஸ்டிடி விற்று யுபிஐயில் பணம் வாங்குவதில் பெரிய ஆபத்து இருக்கிறது. குன்னூரில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பி 18,000 ரூபாய்க்கு அப்படி விற்றான். வந்த பணம் வேறெங்கோ ஏமாற்றப்பட்டவருடையது, அந்த ஊர் சைபர் போலீஸ் சொல்லி அவன் கணக்கை முடக்கிவிட்டார்கள். அதே கணக்கில்தான் அவர்கள் வீட்டு இலைப் பணமும் வரும். அதை எடுக்க முடியாமல் அந்தக் குடும்பம் பட்ட பாட்டை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். வீட்டுப் பணம் வரும் கணக்கை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு திறங்கள்.

வரியை மறைக்க நினைக்காதீர்கள். 2022 ஏப்ரல் 1 முதல் கிரிப்டோ விற்ற லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அதன்மேல் 4 சதவீதம் செஸ். ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. அந்த ஜூலையிலிருந்து விற்கும் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ்ஸும் பிடிக்கிறார்கள். வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தாலும் இந்த 30 சதவீதம் விடாது, வீட்டில் இருக்கும் பிள்ளைகள் இதைத்தான் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். பவுன்டி என்பது செய்த வேலைக்கு வந்தது என்பதால், டோக்கன் கைக்கு வந்த நாளின் மதிப்பையும் வருமானமாகக் காட்ட வேண்டி வரும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு ஆடிட்டரைப் பாருங்கள், தேதியும் விலையும் எழுதியிருந்தால் அவருக்குப் பாதி வேலை முடிந்தது.

உங்கள் பெயரை எதற்குக் கொடுக்கிறீர்கள்

இதை எழுதாமல் முடிக்க எனக்கு மனம் வராது. 2018 ஆகஸ்டில் விவசாய விளைபொருளை பிளாக்செயினில் கொண்டுவருவோம், இடைத்தரகர் இல்லாமல் விலை கிடைக்கும் என்று சொன்ன ஒரு திட்டத்துக்கு நான் தமிழில் பதிவு எழுதினேன். நன்றாகவே எழுதினேன். இலை விலை, ஏஜென்ட், எடைக் கழிவு எல்லாம் சேர்த்து, நம் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி. அது வாரத்துக்கு இரண்டு ஸ்டேக் அதிகம் கிடைக்கும் வேலை. யாரோ அதை எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். எனக்குப் பெரியப்பா முறையாகும் ஒருவர் அதைப் படித்துவிட்டு, நம்ம பொண்ணு எழுதியிருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, தெரிந்த பையன் ஒருவனிடம் 25,000 ரூபாய் கொடுத்து அந்த டோக்கனை வாங்கச் சொல்லியிருக்கிறார். எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். அதற்குள் அந்தத் திட்டத்தின் தளமே இல்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. ரேஷன் கார்டு நகல் எடுக்கக் கடைக்கு வருவார், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மெதுவாக "என்னம்மா, அது ஏறிடுச்சா?" என்பார். நான் "இல்லை பெரியப்பா" என்பேன். அடுத்த மாதம் மறுபடி வந்து அதையே கேட்பார். மூன்றாவது முறை உட்கார வைத்து, அது இனி ஏறாது, போய்விட்டது, நான் எழுதியதை நம்பி நீங்கள் போட்டது, நான் சரியாக விசாரிக்காமல் எழுதினேன் என்று சொன்னேன். மாதம் 2,000 வீதம் நான் திருப்பிக் கொடுத்தேன். வேண்டாம் என்று தான் சொன்னார், பெரியம்மாவிடம் கொடுத்தேன்.

அதனால் இப்போது பதிவு எழுதுகிறவர்களுக்கு நான் சொல்வது: கூலி வாங்கிக்கொண்டு எழுதுகிறேன் என்று பதிவின் முதல் வரியிலேயே போடுங்கள். இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கவுன்சிலும் 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ விளம்பரம் எல்லாவற்றிலும், இது ஒழுங்குமுறைக்கு உட்படாதது, மிகுந்த ஆபத்துள்ளது, நஷ்டம் வந்தால் முறையிட வழி இல்லாமல் போகலாம் என்ற எச்சரிக்கை இருக்க வேண்டும் என்கிறது. மேனேஜர் அதை எடுக்கச் சொன்னால் அந்தக் கேம்பெயினை விடுங்கள். உங்கள் சொந்தப் பணத்தில் 500 ரூபாய்கூடப் போட மாட்டேன் என்று தோன்றும் திட்டத்துக்கு எழுதாதீர்கள். ஊர்க் குழுவிலும் சொந்தக்காரர் குழுவிலும் எதையும் பகிராதீர்கள். அங்கே நம்மை வாசிப்பவர்கள் வைட்பேப்பரைப் பார்க்க மாட்டார்கள், நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

இதை வேலையாக்க முடியுமா

முடியும், ஆனால் பவுன்டி வழியாகச் சென்று பவுன்டிக்கு வெளியே போக வேண்டும். இரண்டு வருடம் கேம்பெயின் செய்ததில் எனக்கு மிஞ்சியது டோக்கன் இல்லை. ஆங்கிலத்தில் தினமும் எழுதியது, கூகுள் ஷீட்டில் ஃபார்முலா போடக் கற்றது, வேறு நாட்டு ஆட்களோடு தயங்காமல் பேசப் பழகியது, இவைதான் மிஞ்சின. அதை வைத்து ஒரு திட்டத்தின் டெலிகிராம் குழுவை மேற்பார்வை செய்யும் வேலை கிடைத்தது, மாதச் சம்பளம், யுஎஸ்டிடியில், பகலில் நான்கு மணி நேரம். எட்டு மாதம் நடந்தது. திட்டம் நின்றதும் வேலையும் நின்றது, ஆனால் கடைசி மாதச் சம்பளம் வரை வந்தது. என்னோடு அப்போது பவுன்டி செய்த கொடைக்கானல் தோழி ஒருத்தி, மன்னவனூரில் பூண்டும் கேரட்டும் போடும் வீட்டுப் பெண், கட்டுரை எழுதிப் பழகி இப்போது கிரிப்டோவே இல்லாத கம்பெனிகளுக்கு வீட்டிலிருந்து எழுதுகிறாள். அவளுக்கு மாதம் தவறாமல் சம்பளம் வங்கிக்கு வருகிறது.

ஆகவே கேம்பெயினில் சேரும்போது எது கையில் மிஞ்சும் என்று பார்த்துச் சேருங்கள். ரீபோஸ்ட் போடும் வேலையில் ஒன்றும் மிஞ்சாது. கட்டுரை, மொழிபெயர்ப்பு, வீடியோ எடிட்டிங், இவற்றில் ஸ்டேக்கும் அதிகம், ஆள் எண்ணிக்கையும் குறைவு, செய்ததை நாளைக்கு இன்னொருவரிடம் காட்டவும் முடியும். தமிழ் மொழிபெயர்ப்பைப் பட்டியலில் அபூர்வமாகவே பார்ப்பீர்கள், இருந்தால் விடாதீர்கள், ஆனால் இயந்திரத்தில் போட்டு எடுத்து ஒட்டாதீர்கள்.

மூன்று மாதம் செய்யுங்கள். மூன்றாவது மாதக் கடைசியில் நோட்டைத் திறந்து, வந்த ரூபாயை மணி நேரத்தால் வகுங்கள். மணிக்கு 50 ரூபாய்கூட வரவில்லை, புதிதாக எதையும் கற்கவும் இல்லை என்றால் நிறுத்திவிடுங்கள். நிறுத்தும்போது எல்லா டெலிகிராம் குழுவிலிருந்தும் வெளியே வாருங்கள், வாலட் கொடுத்திருந்த ஒப்புதல்களை ரத்து செய்யுங்கள், மிச்சம் இருப்பதை மாற்றிவிடுங்கள். கோத்தகிரி பக்கம் இருப்பவர்கள் வகுத்துப் பார்ப்பதில் சந்தேகம் இருந்தால் நோட்டோடு கடைக்கு வாருங்கள். செவ்வாய், புதன் மதியத்தில் கூட்டம் இருக்காது.